மூன்றாம் பக்கம்

இருநூறு ஆண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "வீட்டில் உங்கள் இருவருக்கும் நடுவில் எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? இதைத் தெரிந்துகொள்ள டாக்டருக்கு முழுசாக ஒரு வருடம் ஆயிற்று. தலையில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்சக் கறுப்பு முடியும் அதோடு போயிற்று. நூற்றுத் தொண்ணூற்று நான்கு பேர், தங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்கள்.

"காட்டுலகூட இத்தன சிங்கம் இருக்காது சார்," என்றார் நர்ஸம்மா. முப்பது வருட சர்வீஸ் அவருக்கு. ஆண்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது கொஞ்சம்தான்.

டாக்டர் இதய மருத்துவர். நாலாவது மாடியில், லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே, இரண்டு மேஜை, ஒரு இரும்பு பீரோ, ஒரு ஈசிஜி மெஷின் உள்ள அறையில் அவருடைய ஆராய்ச்சி நடந்தது. அவர் சொல்லிவந்த விஷயம் புதிதல்ல, அவருக்கு முன்பே பலர் சொன்னதுதான். உடம்பில் ரத்தக் குழாய்கள் எல்லாம் ஒரே அளவில் இல்லை. இதயத்துக்குப் போகும் குழாயைவிட, ஆணுக்கு அந்த நேரத்தில் வேண்டிய ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய் சின்னது. கொழுப்பு படியத் தொடங்கினால் சின்னக் குழாய்தான் முதலில் திணறும். நெஞ்சு வலி வருவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே படுக்கையில் தகராறு ஆரம்பித்துவிடலாம். ஆண்கள் அதை வயது என்பார்கள், அலுப்பு என்பார்கள், சிலர் மனைவியின் மேலேயே பழியைப் போட்டுவிடுவார்கள். இதயம் என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் எத்தனை பேரை முன்கூட்டியே பிடிக்க முடியும் என்று கணக்கிட்டுக் காட்டுவதுதான் அவர் வேலை. ஆஸ்பத்திரியில் அவருக்குப் படுக்கையறை டாக்டர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்கிறோம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் தெரியும், சிரித்துக்கொள்வார்.

சிங்கங்களை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்ய முடியாது. எனவே டாக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். அறையின் மூலையில் பச்சைத் திரை போட்டு ஒரு தடுப்பு. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு பலகை, ஒரு பேனா. பதினொரு கேள்விகள். கடைசியில், 'வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்' என்று ஒரு கட்டம். எழுதியவரே தாளை மடித்து, எண் மட்டும் போட்ட காக்கி உறையில் வைத்து, ஒட்டி, பெட்டியில் போட்டுவிட வேண்டும். சேர்ந்த ஒவ்வொருவருக்கும் நெஞ்சு வலி வருகிறதா என்று ஒன்றரை வருடம் கவனிப்பார்கள். கடைசியாகச் சேரும் ஆளுக்கு அந்த ஒன்றரை வருடம் முடியும் வரை எந்த உறையையும் ஒருவரும் பிரிக்கக் கூடாது, டாக்டர் உட்பட. முதல் இருபது உறைகளை மட்டும், எழுதியவர்களின் சம்மதத்தோடு பிரித்துப் பார்த்தார்கள். ஒன்பது பேர் உண்மையை எழுதியிருந்தார்கள். டாக்டர் அன்றைக்கு ஆஸ்பத்திரி முழுவதற்கும் இனிப்பு வாங்கிக் கொடுக்காத குறைதான்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. உறைக்குள் எழுதியவன், டாக்டர் படித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டால்? அதற்காகத்தான் சம்மதத் தாளில் மூன்றாம் பக்கம். 'விறைப்புத் தன்மை, உடலுறவு பற்றி நீங்கள் எழுதுவதை இப்போது யாரும் படிக்கப்போவதில்லை. தொந்தரவு ஏதாவது இருந்தால் எழுதியதோடு நின்றுவிடாமல் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.' இதை நர்ஸம்மா ஒவ்வொரு ஆளுக்கும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். வந்தவர் பேராசிரியராக இருந்தாலும் சரி, லாரி ஓட்டுபவராக இருந்தாலும் சரி. டாக்டர் போட்ட சட்டம் அது. நர்ஸம்மாவும் ரேடியோவில் செய்தி வாசிப்பது போல அட்சரம் பிசகாமல் வாசிப்பார்.

நானூறு பேர் வேண்டியிருந்தது. பாதி வழியில் ஆள் வருவது நின்றுபோனது. டாக்டர் லிஃப்ட் இயக்குபவரைப் பிடித்தார், மருந்துக் கடைக்காரரைப் பிடித்தார், கடைசியில் தங்கையின் கணவரையும் பிடித்தார்.

தங்கையின் கணவர், அதாவது டாக்டர் வீட்டு மாப்பிள்ளை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார். நாற்பத்தெட்டு வயது. சிகரெட் இல்லை, குடி இல்லை, சர்க்கரை இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டே இருப்பவர். இத்தனை வருடத்தில் ஒரு மாணவரைக்கூடத் திட்டியதில்லை என்று பெயர் வாங்கியவர்.

"என்ன மச்சான், உங்க ஆஸ்பத்திரில ஆளுக்கு அவ்வளவு பஞ்சமா? என்னையும் இழுத்துட்டீங்களே," என்று சிரித்துக்கொண்டே வந்தார்.

"வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க. காபி சாப்பிடறீங்களா?"

ஈசிஜி எடுத்தார்கள். கோடு ஒழுங்காக இருந்தது. ரத்த அழுத்தம் கொஞ்சம் மேலே, கொழுப்பும் கொஞ்சம் மேலே, பெரிதாகச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. நர்ஸம்மா மூன்றாம் பக்கத்தை எடுத்துத் தொண்டையைச் செருமினார்.

டாக்டருக்குக் காது சூடாகிவிட்டது. இருபத்திரண்டு வருடமாக, சாப்பிட்டீங்களா, தொழில் எப்படிப் போகுது என்பதைத் தாண்டாத உறவு அது. முன்பின் தெரியாத இருநூறு வீட்டுப் படுக்கையறைக்குள் அவரால் செருப்போடு நுழைய முடிந்தது. சொந்தத் தங்கையின் வீட்டு வாசலிலேயே கால் நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தின் முதல் சொல்லை மாப்பிள்ளை எதிரில் கேட்டுக்கொண்டு எங்கே பார்ப்பது?

"நர்ஸம்மா, இவர் எங்க வீட்டு மாப்பிள்ளை. இவருக்குப் படிச்சுல்லாம் காட்ட வேண்டாம். கையெழுத்த மட்டும் வாங்கிக்குங்க."

"எல்லாருக்கும் படிக்கணும்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"இவர நான் பாத்துக்கறேன்."

நர்ஸம்மா தாளை நீட்டினார். மாப்பிள்ளை படிக்காமலே மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். மச்சான் கொடுக்கும் தாளைப் படித்துப் பார்ப்பதும் ஒரு மரியாதைக் குறைவுதானே. உறையின் எண் இருநூற்றுப் பன்னிரண்டு.

மற்றவர்கள் எட்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள். மாப்பிள்ளை அரைமணி நேரம் திரைக்குள் இருந்தார். வெளியே வந்தபோது கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் எழுதிட்டேன் மச்சான்."

"நல்லது மாப்பிள்ளை," என்றார் டாக்டர், ஜன்னலைப் பார்த்தபடி. அன்றைக்கு முழுவதும் தான் ஒரு சங்கடத்திலிருந்து லாவகமாகத் தப்பித்துவிட்டதாக அவருக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

நான்கு மாதம் கழித்து ஒரு மத்தியானம் தங்கை அந்த அறைக்கு வந்தாள். வந்தவள் பீரோவைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள், அண்ணனை மட்டும் பார்க்கவில்லை.

"அண்ணா, அவர் முன்ன மாதிரி இல்லண்ணா."

"என்னாச்சு?"

"ஹால்ல போய்ப் படுத்துக்கறார். ஆறேழு மாசமாச்சு. கேட்டா முதுகு வலிங்கறார். நான் பக்கத்துல வந்தா ஏதாவது வேலை இருக்குன்னு எழுந்து போயிடறார். போன வாரம் புதுச் சட்ட ஒண்ணு வாங்கி, பீரோவுல என் கண்ணுக்குப் படாம வெச்சிருக்கார்." அவள் அழத் தொடங்கினாள். "வேற யாராவது இருப்பாங்களோன்னு பயமா இருக்குண்ணா."

படுக்கையை மாற்றிக்கொள்வது முதல் அடையாளம் என்று அதே மேஜையில் உட்கார்ந்து டாக்டர் கட்டுரை எழுதியிருக்கிறார். முதுகு வலி என்று சொல்வார்கள் என்பதும் அதில் உண்டு. வேறு எந்தப் பெண் வந்து இந்த வார்த்தைகளைச் சொல்லியிருந்தாலும், அவள் முடிப்பதற்குள் அவர் கணவனைக் கூட்டிவரச் சொல்லியிருப்பார். ஆனால் எதிரில் உட்கார்ந்து அழுதது தங்கச்சி. அவருக்குள் இருந்த டாக்டர் எழுந்து வெளியே போய்விட்டார். அண்ணன் மட்டும் மிச்சம் இருந்தான், அவனுக்குக் கோபம் வந்தது.

"நீ கண்ணத் தொடச்சுக்கோ. நான் கேக்கறேன் அவர."

மறுநாளே போனார். ஒரு பள்ளிக்கூட மதிலின் நிழலில் பயிற்சிக் கார் நின்றிருந்தது. அடுத்த மாணவர் வர இன்னும் கால்மணி நேரம் இருந்தது. மாப்பிள்ளை தன் வழக்கமான இருக்கையில் இருந்தார், டாக்டர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார்.

"தங்கச்சி வந்து அழுதுட்டுப் போனா மாப்பிள்ளை."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் சுத்தி வளைக்க விரும்பல. வேற எதாவது சகவாசம் இருந்தா இதோட விட்டுடுங்க. ரெண்டு வீட்டு மானமும் அதுல இருக்கு."

மாப்பிள்ளை அவரைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. பிறகு மெல்லச் சிரித்தார்.

"என்ன மச்சான், உங்களுக்குத் தெரியாததா? நான்தான் உங்ககிட்ட எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேனே."

உறையில் என்ன இருக்கும் என்று அந்த நொடியில் டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் போக அவர் ஒன்றும் குழந்தை இல்லை. 'நான் அதைப் படிக்கவில்லை, யாரும் படிக்கவில்லை, இப்போது என்னிடம் வாயால் சொல்லுங்கள்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கார்க் கண்ணாடியில் ஏதோ பறவை எச்சமிட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது சரி... அதெல்லாம்... நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க மாப்பிள்ளை."

"கவலப்பட ஒண்ணும் இல்லல்ல?"

"சேச்சே."

"அது போதும் மச்சான்." மாப்பிள்ளை பெரிதாக மூச்சு விட்டார். "நீங்க கூப்பிடவே இல்லையா, அப்பவே நெனச்சேன், பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு. அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. போகப் போகச் சரியாயிடும்."

தங்கையிடம் போய், அவர் மேல் தப்பு இல்லை, வேலை அலுப்பு என்று சொன்னார். அதோடு விட்டுவிடவும் இல்லை. மாப்பிள்ளையை ஒரு ட்ரெட்மில் பரிசோதனைக்கு வரச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். எந்தக் காரணம் சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்தார். யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாநாடு வந்துவிட்டது. முந்நூறு மருத்துவர்கள் உட்கார்ந்திருந்த குளிரூட்டிய அரங்கில், "நோயாளி சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள்," என்று பேசினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கேட்டிருந்தால் பத்து நிமிட வேலை. கோழைத்தனத்துக்கு அவர் அதுவரை வேறு பெயர் வைத்திருந்தார், மரியாதை என்று.

மூன்று மாதம் போயிற்று. ஒரு காலைப் பொழுதில், பத்தரை மணிக்கு, பள்ளி ஆசிரியை ஒருவர் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அது ஆறாவது வகுப்பு. ரவுண்டானாவை நெருங்கும்போது மாப்பிள்ளை, "மெதுவா, மெதுவா," என்றாராம். பிறகு கார் தானாக நின்றது. ஆசிரியை திரும்பிப் பார்த்தபோது அவர் ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தார், பாதம் மட்டும் பிரேக்கை விட்டு நகரவில்லை. ஆசிரியைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

டாக்டரின் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். இதயத்தின் இடது பக்கத்துப் பெரிய ரத்தக் குழாய், தொடக்கத்திலேயே அடைப்பு. சொந்தக்காரர் என்பதால் அடைப்பை நீக்கும் வேலையை இன்னொரு மருத்துவர் செய்தார். மாப்பிள்ளை இரண்டு நாள் வாயில் சுவாசக் குழாயோடு கிடந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் போய்விட்டார். அந்த இரண்டு நாளும் டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச முடியாத மனிதரிடம் எல்லாவற்றையும் கேட்டார். இப்போது ஒரு வெட்கமும் இல்லை.

இருபது நாள் கழித்துத் தங்கை கூப்பிட்டனுப்பினாள். ஹாலில் மாப்பிள்ளை படுத்திருந்த சோபாவின் மேல் அந்தப் புதுச் சட்டை, விலைச் சீட்டுகூடக் கிழிக்காமல் கிடந்தது.

"எங்க கல்யாண நாளுக்கு வாங்கினாராம். கடைக்காரர் சொன்னார், எனக்கும் ஒரு புடவை எடுத்து வெக்கச் சொல்லியிருந்தாராம்." அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள். "அண்ணா, ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும்."

"கேளும்மா."

"ஒரு நாள் ரொம்பச் சண்டை போட்டேன். அப்பச் சொன்னார், என் உடம்புல ஒரு கோளாறு இருக்கு, உன் அண்ணன்கிட்ட எல்லாம் எழுதிக் குடுத்துட்டேன், மச்சான் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னுட்டார்னு. நீ பாத்தியே, ஏண்ணா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நான் பாக்கலம்மா."

"என்ன பாக்கல?"

"அத யாரும் படிக்கக் கூடாது. ஒட்டின உறை. ஒன்றரை வருஷம் கழிச்சு எல்லாத்தையும் மொத்தமாத்தான் பிரிப்போம். அதுதான் சட்டம்."

அவளுக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியபோது அவள் முகத்தில் வந்ததை டாக்டர் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

"படிக்கவே இல்லையா?" என்றாள். "அப்புறம் எதுக்குண்ணா அவர எழுதச் சொன்ன?"

பதில் இருந்தது. மேடையில் சொல்லக்கூடிய, பத்திரிகையில் அச்சாகக்கூடிய பதில். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் போன் செய்தால் அவள் எடுப்பதில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுத்த ஆஸ்பத்திரிக் கமிட்டியிடம் எழுதி, அழுது, சண்டை போட்டு, இனிமேல் சேருகிறவர்களின் உறையை அன்றன்றே பிரிக்க அனுமதி வாங்கினார். மூன்றாம் பக்கத்தை மாற்றி அச்சடித்தார்கள். 'நீங்கள் எழுதுவதை மருத்துவர் இன்றே படிப்பார்' என்று நர்ஸம்மா உரக்கப் படித்துக் காட்டினார். நாற்பது பேர் வந்தார்கள். நாற்பது உறைகளையும் டாக்டர் தன் கையாலேயே பிரித்தார்.

நாற்பதும் சிங்கங்கள்.

"நாம படிச்சா இவங்க எழுத மாட்டாங்க, நாம படிக்காட்டித்தான் எழுதுவாங்க சார்," என்றார் நர்ஸம்மா. "நாம என்ன பண்றது?" டாக்டர் பழைய பக்கத்தையே திரும்ப அச்சடிக்கச் சொன்னார்.

காலம் ஓடிற்று. உறைகளைப் பிரிக்கும் நாள் வந்தது. எண் இருநூற்றுப் பன்னிரண்டை இடையில் எடுத்துப் பார்த்திருக்கலாம். பெட்டியின் சாவி அவர் பையில்தான் இருந்தது. சட்டத்துக்காகப் பிரிக்கவில்லை என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டார். பயத்தால் பிரிக்கவில்லை, அதுதான் உண்மை.

டாக்டர் உறையைக் கிழித்துப் பதில்களை வாசிக்க, நர்ஸம்மா கம்ப்யூட்டரில் ஏற்றினார். மத்தியானத்துக்குள்ளேயே தெரிந்துவிட்டது, அவர் சொன்னது அத்தனையும் சரி. நெஞ்சு வலி வந்து விழுந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்கு முன்பே உறைக்குள் உண்மையை எழுதியிருந்தார்கள். இனி அவர் கட்டுரை எங்கே வேண்டுமானாலும் அச்சாகும். டாக்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த உறையை எடுத்தார். நர்ஸம்மா எண்ணைப் பார்த்துவிட்டு, "நான் வாசிக்கட்டுமா சார்?" என்றார்.

"வேண்டாம்."

பதினொரு கேள்விக்கும் மாப்பிள்ளை பதில் எழுதியிருந்தார். ஒன்றைக்கூட விடவில்லை. எப்போது ஆரம்பித்தது, எத்தனை மாதமாக, எல்லாம் குண்டு குண்டான கையெழுத்தில். டாக்டர் ஒவ்வொன்றாக வாசித்தார். ஒரு தேர்ந்த மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்திருந்தால் அன்றைக்கே அவரை அட்மிட் செய்திருப்பார்.

எல்லாரும் வெறுமையாக விட்டுவிடும் கடைசிக் கட்டத்திலும் எழுதியிருந்தது.

'மச்சான், இதப் படிச்சதும் எனக்குக் கூப்பிடுங்க. நேர்ல கேக்காதீங்க, உங்க முகத்தப் பாத்து என்னால சொல்ல முடியாது. போன்ல சொல்லிடுவேன். சாயந்தரம் ஆறு மணிக்கு மேல வண்டியில தனியாத்தான் இருப்பேன்.'

டாக்டர் அதை வாய்விட்டு வாசிக்கவில்லை. நர்ஸம்மா விரல்களை விசைப்பலகையின் மேல் வைத்துக் காத்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கடைசிக் கட்டத்துக்கு என்ன போடட்டும் சார்?"

அட்டவணையில் அந்தக் கட்டத்துக்கு இரண்டே குறிகள்தான். எழுதாதவருக்குச் சுழியம், எழுதியவருக்கு ஒன்று. டாக்டரே வகுத்தது.

"எழுதியிருக்கார்," என்றார் டாக்டர்.

நர்ஸம்மா ஒன்று என்று அடித்துவிட்டு, அடுத்த உறைக்காகக் கையை நீட்டினார்.